மணைப்பலகை போட்ட சைடுகார்

எங்கள் அப்பா ஸ்கூட்டரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போவார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பந்தியில் உட்காருவது போல மணைப்பலகை மேல் காலை மடக்கிக்கொண்டு, மடியில் வெண்கலப் பானையோடு, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லியபடி, கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போவார். ஓட்டுகிறவள் நான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கோ மானம் போகும்.

நாங்கள் திருவள்ளூர்க்காரர்கள். அங்கே கோயில் பூஜை முறை பெரியப்பாக்களோடு போய்விட்டது. கடைசிப் பிள்ளையான அப்பாவுக்குக் கிடைத்தது எளாவூர் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பெருமாள் கோயில். சின்னக் கோயில். மடப்பள்ளிக் கூரை விழுந்து எத்தனையோ காலம், கிணறும் தூர்ந்துவிட்டது. அதனால் பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் நடக்கும். பெருமாள் அமுது செய்வது, அதாவது சாப்பிடுவது, கோயிலில். நடுவில் இருந்த அந்த ரோடுதான் எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் காரணம்.

ஏனென்றால் அப்பா மடியாக, ஆசாரம் கெடாமல் போகவேண்டும். விடிகாலையில் குளித்து, முதல் நாள் துவைத்து யார் கையும் படாமல் கொடியில் உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டால், அந்தத் தளிகையைப் பெருமாளுக்குக் காட்டி முடிக்கும்வரை அவரை ஒருவரும் தொடக்கூடாது. அம்மாகூடத் தொடமாட்டாள். நான் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன். யாராவது தொட்டுவிட்டால் திரும்பக் குளிக்கவேண்டும், பானையில் இருப்பதும் பெருமாளுக்கு ஆகாது. இந்த லட்சணத்தில் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டத்தோடு ஷேர் ஆட்டோவில் எப்படிப் போவது? சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்தது, அதுவும் நின்றது. கோயிலை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் வாசலில் குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கியதைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்து ஸ்கூட்டர் ஒன்று, பின்பக்கம் இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு. அதன் இடுப்பில் ஒரு சைடுகார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிக்கு ஒற்றைச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் அரிசி மில் வைத்திருக்கிற ஒருவரின் வீட்டு வண்டி. அவருடைய அம்மா அதில் உட்கார்ந்து ஊர் சுற்றிய காலம் ஒன்று இருந்ததாம். பிறகு தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. அப்பா ஒரு ஹோமத்துக்குப் போனவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். சாமிக்குன்னா எடுத்துக்கினு போங்க ஐயரே என்று அவரும் கொடுத்துவிட்டார். நாங்கள் ஐயங்கார்கள் என்பதெல்லாம் இந்தப் பக்கம் யாருக்கும் பொருட்டில்லை. பூணூல் போட்டால் ஐயர்தான்.

“இதுல நான் தனியா உட்காந்துப்பேன். நீ ஓட்டு. யாரும் தொட வேண்டாம்,” என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி பஸ்ஸில் என்னோடு வருகிற கூட்டமெல்லாம் அந்த ரோட்டில்தான் நிற்கும். இந்தத் தொட்டியை இழுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நான் போகவேண்டுமா? முடியாது என்று குதித்தேன். குதித்து என்ன பயன்? எங்கள் வீட்டில் எனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியும்.

வீம்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். ஸ்கூட்டரையும் சைடுகாரையும் இரும்புதானே சேர்த்துப் பிடித்திருக்கிறது, என் தீட்டு போல்ட் வழியாக உங்களிடம் வராதா என்று. அப்பா ஒருநாள் பூராவும் யோசித்தார். மறுநாள் சாப்பாட்டு மணையைக் கொண்டுவந்து சைடுகார் சீட்டின் மேல் போட்டார். நடுவில் மரம் இருந்தால் தோஷமில்லையாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு, வாயை மூடிண்டு ஓட்டு என்று பதில் வந்தது. அன்றிலிருந்து மணைப்பலகைதான் அவருக்கு சீட்டு.

சைடுகாரை ஸ்கூட்டரோடு பிடித்திருந்த பழைய இரும்பெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. ரயில்வே கேட் பக்கத்து மெக்கானிக் புதிதாக வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்தார். ஓட்டிப் பழகுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கையாலேயே கியர் மாற்றவேண்டும். வேகம் எடுத்தால் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் இன்னொரு பக்கம் இழுக்கும். திருப்பத்தில் தொட்டி மெல்ல மேலே எழும்பும். அப்பா கண்ணைத் திறக்காமல் பானையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

மாதத்தில் மூன்று நாள் நான் ஓட்டக்கூடாது. அதற்கு மணைப்பலகை எல்லாம் போதாதாம். அந்த நாட்களில் ஆரணி அரிசி மில் டிரைவர் வந்து ஓட்டுவார். விளைவு என்ன தெரியுமா? என் கணக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் நிற்கிற ஆம்பிளைகளுக்குக்கூட, இன்றைக்கு ஐயர் வண்டியில் ஆள் மாறியிருக்கிறது என்றால் விஷயம் என்ன என்று தெரியும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அம்மாவிடம் கத்தினேன். அதுக்கு என்னடி பண்றது என்று அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அந்த மார்கழியில்தான் அது நடந்தது. நான் ஓட்டிய நாள். மார்கழியில் பெருமாளுக்கு வெண்பொங்கல். அம்மா அடுப்பிலிருந்து இறக்கி, நெய்யை விட்டு, பானை வாயில் வாழை இலையை வைத்துத் துணியால் கட்டி, அப்படியே மணையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். அப்பா ஏறி உட்கார்ந்து இரண்டு காலுக்கும் நடுவில் அதை நிறுத்திக்கொண்டார். ஆவி பறக்கிற பொங்கல் கோயில் போய்ச் சேருகிறபோதும் சூடாக இருக்கவேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம். ஆறினதைப் பெருமாளுக்கு வைக்கமாட்டார்.

பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ரோட்டை உழுது போட்டிருந்தன. சிப்காட் தாண்டி, கிராமத்து ரோட்டில் திரும்பி, வயல் பக்கம் இறங்குகிற இடத்தில் ஒரு பள்ளம். தினமும் பார்க்கிற பள்ளம்தான். அன்று பனியில் தெரியவில்லை. டணார் என்று ஒரு சத்தம். வண்டி சட்டென்று லேசாகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா இல்லை.

அப்பா தனியாகப் போய்க்கொண்டிருந்தார். வெல்டிங் விட்டு, சைடுகார் மட்டும் பிய்த்துக்கொண்டு, ஒற்றைச் சக்கரத்தில் சறுக்கியபடி சரிவில் இறங்குகிறது. அதில் அப்பா அதே சம்மணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டே வலது பக்கம் ரோட்டில் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, உறைக்கவே இல்லை. சைடுகார் நவரைப் பருவ நெல் நடவுக்கு விட்டிருந்த நாற்றங்காலில் இறங்கி, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

நாற்று பறிக்கப் பெண்கள் வந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி ஒன்றும் நின்றது. எல்லாரும் ஓடிவந்தோம். வந்து பார்த்தால் அப்பா விழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. நாமம் கலையவில்லை. லாரி கிளீனர் சிரித்துவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்பு முட்டியது. உயிர் இருக்கிறது, கை கால் இருக்கிறது, சேற்றில் நட்டுவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

ஒரு பெண் சேற்றில் இறங்கிக் கை கொடுக்கப் போனாள். அப்பா தலையை ஆட்டினார்.

“தொடாதீங்கோ. யாரும் தொடாதீங்கோ. பெருமாள் தளிகை இருக்கு.”

அவ்வளவுதான். அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை. தள்ளி நில் என்று காலங்காலமாக எங்கள் வீடுகள் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள். நீட்டிய கையை அந்தப் பெண் இழுத்துக்கொண்டு முந்தானையில் துடைத்தாள். நான்? நான் அவர் பெற்ற பெண். சைடுகாரின் பின்பக்க விளிம்பில் போய் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பழக்கம். அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. கோயில் தர்மகர்த்தா வீட்டில் யாராவது குளித்து மடியாக இருந்தால் கையோடு கூட்டிவா, அவர்கள் வந்து பானையை வாங்கிக்கொள்ளட்டும் என்றார்.

சரி என்று நான் திரும்பினேன். திரும்பினேன் என்பதை இப்போது எழுதும்போதுகூட எனக்கு நம்பமுடியவில்லை. வரப்பில் ஏறப் போனேன். நான் வருகிறவரை அவர்கள் எல்லாரும் அப்படியே மரியாதையாகச் சுற்றி நின்றிருப்பார்கள். நல்லவேளை, கையைத் துடைத்துக்கொண்ட அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

“யம்மா, ஐயரு மடியப் பாரு. பொகையுது. பொங்கலு கொட்டி தொடை வெந்துக்கினு கீது.”

பார்த்தேன். ஐயோ. துணிக்கட்டு நழுவி, இலை கிழிந்து, கொதிக்கிற பொங்கல் நெய்யோடு அவர் வலது தொடையில் வழிந்து கிடந்தது. வேட்டி சதையோடு ஒட்டியிருந்தது. ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மீதியாவது பெருமாளுக்குத் தேறட்டும் என்று அந்தச் சூட்டுப் பானையைத் தன் மேலேயே சாய்த்து அணைத்துப் பிடித்திருந்தார். உதடு துடித்தது. சத்தம் வரவில்லை.

எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. அவர் கையைப் பிரித்தேன். பிரிக்க விடவில்லை, அத்தனை பலம். விரல் விரலாகப் பிரித்துப் பானையைப் பிடுங்கி நாற்றங்காலில் எறிந்தேன். அது சேற்றில் குப்புற விழுந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தொட்டுட்டியேடி,” என்றார்.

“தொட்டேன். இப்ப இன்னான்ற?”

எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டோம். கம்பெனி பஸ்ஸில் ஏறியிருந்த பேச்சு, அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. அப்பாவை நான் அப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. பேசிவிட்டு ஓவென்று அழுதேன். நான் தொட்டதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் இறங்கினார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு தொடையில் ஊற்றினார்கள். நாலு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். தடுக்க அப்பாவுக்கு நினைவு சரியாக இல்லை.

நின்ற லாரியில் ஏற்றினோம். ஆந்திரா பக்கத்திலிருந்து செங்கல் ஏற்றிவந்த அரதப் பழசான லாரி. டிரைவருக்குப் பின்னால் இருந்த பலகையில் அப்பாவைக் கிடத்தியதும் எனக்கு இடமில்லை. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் சூடு சாக்கைத் தாண்டி ஏறியது. தாங்கமுடியாமல் ஒருபக்கம் சாய்ந்தேன், மறுபக்கம் சாய்ந்தேன். சாக்குக்கு மேலே உட்கார்ந்த எனக்கே இப்படி. அப்பா அந்தக் கொதிப்பை வெறும் தொடையில் வைத்துக்கொண்டு, அடிபடவில்லை என்று தலையசைத்திருக்கிறார். என்ன மனுஷன் இவர் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டிரைவர் ஹாரனில் கையை வைத்தபடி, பயப்படாதே நைனா, வந்துட்டோம் நைனா என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா கேட்கிற நிலையில் இல்லை. பெருமாள் இன்னும் அமுது செய்யலை, பெருமாள் இன்னும் அமுது செய்யலை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். வண்டி கவிழ்ந்தது என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “பானை எங்க விழுந்தது?”

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. புருஷனைக் கேட்கத் தோன்றவில்லையா உனக்கு, பானைதான் பெரிதா, நீங்களும் உங்கள் மடியும் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். பிறகு அம்மா மெல்ல, அவர் மேல விழுந்துதா என்றாள். கொதிக்கக் கொதிக்க இறக்கிவைத்தவள் அவள்தானே. அந்தச் சூடு அவளுக்குத்தான் தெரியும். அவள் புருஷனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றேன். அம்மா போனைக்கூட வைக்காமல் அலறிய அலறல் என் காதில் இன்னும் இருக்கிறது.

இங்கே முடியாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா, சூடாகக் கொட்டினால் யாரும் தட்டிவிடுவார்களே, இவர் ஏன் தட்டிவிடவில்லை என்று என்னைக் கேட்டார். உடனே தட்டியிருந்தால் மேல்தோலோடு போயிருக்குமாம். இவ்வளவு ஆழமாக எப்படி வெந்தது என்று அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். கால் பிழைத்தது. இனிமேல் முழுக்க மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். சம்மணம் என்பது இனி இல்லை.

அதைக் கேட்டு நான் இடிந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். அன்றையிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் தானாகவே ஆரம்பித்தார்.

“அந்தப் பொண்கள் எல்லாரும் நின்னுண்டே இருந்தாளே, பார்த்தியா?”

பார்த்தேன் என்றேன்.

“நான் வேகறதைப் பார்த்துண்டு நின்னா. அவாளுக்கு மனசு இல்லாமயா? நான் சொன்னேன், அதான் நின்னா.” என் பக்கம் திரும்பி, “நீயும் நின்னே,” என்றார்.

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் எழுந்து நடக்கப் பங்குனி ஆகிவிட்டது. அதுவரை பொன்னேரியிலிருந்து ஒருவர் வந்து கோயிலைப் பார்த்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி மடப்பள்ளிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். இனிமேல் தளிகை அங்கேயே, பானையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று தர்மகர்த்தா வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒரு கூரையை முன்னாலேயே போட்டிருந்தால் என்ன கேடு வந்தது என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். தளிகைக்கு ஒரு குடம் தண்ணீர் தர்மகர்த்தா வீட்டிலிருந்து வரும், குளிக்கத்தான் இல்லை, போர் போடவேண்டும் என்றார்கள். அதனால் குளியல் வீட்டில்தான், மடியும் வீட்டிலிருந்துதான். ஆட்டோ ஒன்றை அவருக்கென்று தனியாகப் பேசிவிடலாம் என்று நானும் அம்மாவும் முடிவு பண்ணி வைத்திருந்தோம். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் விடிகாலை. கம்பெனி பஸ் நிற்கிற இடம்வரை நான் ஓட்டுகிற கியர் இல்லாத வண்டியை வாசலில் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா குளித்து, கொடியிலிருந்து எடுத்த வேட்டியைக் கட்டி, நாமம் இட்டு, படியில் ஒவ்வொரு காலாக இறங்கி வந்தார். நேராக வண்டிப் பக்கம் வந்து நின்றார். பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். ரெக்ஸின் சீட்டு. பலகை எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரப் பார்த்தார், வலது கால் நிற்கவில்லை, ஆடியது. என் பக்கம் கையை நீட்டினார்.

“பிடி,” என்றார்.

நான் பின்னால் நகர்ந்தேன். நானாக நகரவில்லை, என் கால் நகர்ந்தது. துடைக்கிற துணியோடு இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. “அப்பா, மடி,” என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. இந்த மடியை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தவள் நான். அதற்காக அம்மாவிடம் கத்தினேன், தர்மகர்த்தாவிடம் கத்தினேன், விரல் விரலாகப் பிரித்துப் பானையை எறிந்தேன். அப்படிப்பட்டவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன், அப்பா கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், எனக்குக் கை வரவில்லை.

“தெரியும்டி. கால் நிக்கலை. பிடி.”

அப்போதும் வரவில்லை. உள்ளே வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள், அவளும் அசையவில்லை. அப்பா எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஆடுகிற காலோடு ஒரு எட்டு முன்னால் வைத்து, என் தோளை அவரே பிடித்துக்கொண்டார்.